நாற்பது ஆண்டுப் புகை

பழைய சென்ட் குப்பியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது வார்னிஷ் நெடி. தச்சுப் பட்டறைக்குள் நுழைந்ததுபோல இருக்கும். அதற்கடியில் கொஞ்சம் டர்பன்டைன், வாடிப்போன எலுமிச்சைத் தோல். கெட்டுப்போய்விட்டது என்று மூடிவைக்கத்தான் தோன்றும். அவசரப்பட வேண்டாம். தாள் பட்டை ஒன்றில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னலோரம் வைத்துவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். நெடி போயிருக்கும். அந்த இடத்தில் வேறொன்று நிற்கும்: ஒடித்த கீரைத்தண்டு, கிராம்பு, எங்கோ தூரத்தில் எரியும் விறகடுப்பு.

என் மேசையில் இருக்கும் குப்பியின் பெயர் ட்ருசார்டி உவோமோ. ‘உவோமோ’ என்றால் இத்தாலிய மொழியில் ஆண். ஆண்களுக்கான இந்த சென்ட் 1983-இல் வெளிவந்தது. பின்னாளில் இதே பெயரில் புதிய வடிவம் ஒன்றும் வந்தது. நான் பேசப்போவது பழையதைப் பற்றி. இதை விரும்புகிறவர்கள் இதைப் பற்றிச் சொல்லும் சொற்கள் மூன்று: புகை, பச்சை, மசாலா. இத்தகைய சென்டில் பல பத்துப் பொருள்கள் சேர்ந்திருக்கும். அத்தனையும் ஏன் மூன்று சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன? ரசிகர்களுக்குச் சொல்வளம் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் லாயிங் 1980களில் ஒரு சோதனை செய்தார். தனித்தனியே நன்றாக அடையாளம் தெரிந்த வாசனைகளைக் கலந்து கொடுத்து, இதில் எதெது இருக்கிறது என்று கேட்டார். மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் யாராலும் பிரித்தறிய முடியவில்லை. பின்னர் நடந்த சோதனைகளில் தொழில்முறைப் பயிற்சி பெற்றவர்களும் அந்த எல்லையைப் பெரிதாகத் தாண்டவில்லை.

நம் மூக்கின் உட்கூரையில் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்களின் பெருங்குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் அறிவித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு மூலக்கூறு ஒரே ஒரு ஏற்பியை மட்டும் தட்டுவதில்லை. பலவற்றைப் பல அளவில் தட்டுகிறது. பல பத்துப் பொருள்கள் ஒன்றாக உள்ளே வரும்போது தட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலந்துவிடுகின்றன. மூளைக்குப் பட்டியல் கிடைப்பதில்லை. ஒரு முகம் கிடைக்கிறது. தெரிந்தவர் முகத்தை நொடியில் அடையாளம் கண்டுவிடுகிறோம். அவர் புருவம் எத்தனை அகலம் என்று கேட்டால் விழிக்கிறோம்.

ஆனால் முகத்துக்கு இல்லாத ஒரு குணம் வாசனைக்கு உண்டு. அது ஆவியாகிக்கொண்டே இருக்கிறது, அதுவும் எல்லாம் ஒரே வேகத்தில் அல்ல. ஒரே மூச்சில் மூக்கால் பிரிக்க முடியாததை நேரம் பிரித்துத் தருகிறது. பழைய சென்டை ரசிப்பது என்பது, என் அளவில், இந்தப் பிரிதலுக்காகக் காத்திருப்பதுதான். முதல் மூச்சிலேயே தீர்ப்புச் சொல்கிறவர்கள் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போதே கச்சேரியைவிட்டு எழுந்து போகிறவர்கள்.

இங்கிலாந்தின் யார்ட்லி நிறுவனத்தில் வாசனைக் கலைஞராக இருந்த டபிள்யூ. ஏ. பௌச்சர் இந்த வேகங்களை அளந்து பார்த்தார். கருவி என்று எதுவும் இல்லை, தாள் பட்டையும் சொந்த மூக்கும்தான். முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்களைத் தாளில் விட்டு, எது எப்போது மறைகிறது என்று குறித்து, 1 முதல் 100 வரை எண் கொடுத்தார். 1955-இல் அது வெளியானது. மிக விரைவில் பறந்துவிடுபவை 1. ஓக் மரப்பாசிக்கும் பச்சோலி எண்ணெய்க்கும் 100. எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனினின் மூலக்கூறு எடை 136; பச்சோலியின் முக்கியப் பொருளுக்கு 222. எடையில் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம்தான் வித்தியாசம். ஆவியாகும் வேகத்திலோ வித்தியாசம் மிகப் பெரிது.

வெயிலும் இதில் கைவைக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இத்தகைய எண்ணெய்களின் ஆவியழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வட இத்தாலியக் குளிரில், கம்பளிக் கோட்டின் மேல் மெல்ல விரிவதற்காகக் கட்டப்பட்ட கலவை, நம் ஊர் மே மாதத்தில் மூச்சிரைக்க ஓடிவிடும். மார்கழிக் காலையில் முகர்ந்து பார்ப்பது நல்லது.

முதலில் பறப்பது பெர்கமாட். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பழம் பெருமளவில் விளைவது இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா கடற்கரையில். தோலைச் சுரண்டி எண்ணெய் எடுப்பார்கள். அந்த எண்ணெயில் நிறைய லிமோனின் இருக்கிறது. லிமோனினின் உடலில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ள வசதியான இடங்கள் உண்டு. குப்பியில் கொஞ்சம் காலியானதும் அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜன் உள்ளே வேலை செய்கிறது. லிமோனின் ஹைட்ரோபெராக்சைடுகளாகவும், பிறகு புதினாவை நினைவூட்டும் கார்வோனாகவும், இன்னும் பலவாகவும் மாறிப்போகிறது. நாம் திறந்ததும் முகர்ந்த வார்னிஷ் நெடி இதுதான். வாசனைக் கலைஞர் எழுதாத, காற்று பின்னால் எழுதிச் சேர்த்த வரி. தெளிப்பான் குழாயில் தேங்கி நின்ற திரவம்தான் மிக மோசமாக இருக்கும், அதனால் முதல் இரண்டு மூன்று அழுத்தலை வெறும் காற்றில் விட்டுவிட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய லிமோனின் தோலுக்குப் பெரிய தீங்கில்லை; இப்படி ஆக்சிஜனேறிய லிமோனின் ஒவ்வாமையைத் தூண்டும். பழைய குப்பியைத் தாளில் முகருங்கள், கழுத்தில் பூச வேண்டாம்.

கால் மணி நேரம் ஆகிவிட்டது. பச்சை வந்திருக்கும்.

‘பச்சை வாசனை போக வதக்கவும்’ என்று எழுதாத சமையல் குறிப்பு நம் மொழியில் அரிது. அந்தப் பச்சை வாசனையைத்தான் வாசனைக் கலைஞர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு. புல்லை வெட்டும்போது வருவது ஒன்று. இலை கிழிந்ததும் அதன் கொழுப்பு அமிலத்தை நொதிகள் நறுக்கி, ஆறு கார்பன் நீளமுள்ள சிறு துண்டுகளாக்கிக் காற்றில் விடுகின்றன. அது செடியின் அபாயக் குரலும்கூட. புழுவைத் தேடித்தின்னும் குளவிகள் அந்த வாசனையைப் பின்தொடர்ந்து வருவது உண்டு. இந்தப் பச்சை மிக லேசானது, நிமிடங்களில் போய்விடும்.

இரண்டாவது வகை அழுத்தமானது, கசப்பானது. அதற்கான பொருள் கல்பனம் என்னும் பிசின். ஈரான் மலைச்சரிவுகளில் வளரும் ஃபெருலா இனச் செடியின் வேரடியைக் கீறி எடுப்பது. ஃபெருலா என்றால் நமக்கு அந்நியமில்லை: பெருங்காயம் வருவதும் அதே இனத்தின் இன்னொரு செடியிலிருந்துதான். கந்தக நெடி பெருங்காயத்துக்குப் போயிற்று, பச்சைப் பட்டாணித் தோலின் வாசனை கல்பனத்துக்கு வந்தது. கல்பனத்தில் மிகச் சிறிய அளவில் இருக்கும் மெத்தாக்சி பைரசின் என்னும் பொருள்தான் குடைமிளகாயை அறுக்கும்போது வரும் வாசனைக்கும் காரணம். இதைப்போல மூக்குக்குச் சட்டென்று எட்டும் பொருள்கள் குறைவு. தண்ணீரில் லட்சம் கோடியில் இரண்டு பங்கு இருந்தாலே தெரிந்துவிடும். ஒரு கிராமை 50 கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அந்தத் தண்ணீர் குடைமிளகாய் மணக்கும். ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் 200 நிரப்பும் தண்ணீர் அது. நாற்பது ஆண்டுகளில் குப்பிக்குள் இதில் பாதி அழிந்திருந்தாலும் மீதி போதும், பச்சை கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

பட்டையை மறுபடி எடுத்தால் கிராம்பு. இந்த இடம்தான் எனக்கு மிகப் பிடித்தது. பச்சை முழுதாகப் போகாமலும் புகை முழுதாக வராமலும் நடுவில் கிராம்பு நிற்கிறது. அக்காலச் சென்ட்களில் ‘கார்னேஷன் பூ’ என்று சொல்லப்படும் வாசனை பெரும்பாலும் யூஜினாலை வைத்துக் கட்டியதுதான். கிராம்பு எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் யூஜினால். பல் மருத்துவமனையின் வாசனை என்று நாம் நினைவு வைத்திருப்பதும் அதுவே. தற்காலிகமாகப் பல்லை அடைக்கத் துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைப்பார்கள்.

கிராம்பு நின்ற இடத்திலேயே புகை வந்து சேர்வது தற்செயலா? வேதியியல் இல்லை என்கிறது. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின் என்ற பொருள். மரத்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அது. விறகு எரியும்போது லிக்னின் சிதறுகிறது. அந்தச் சிதறலில் குவாயகால் என்ற சிறு மூலக்கூறு வெளிவருகிறது. விறகுப் புகையின் வாசனைக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று அது. இந்தக் குவாயகாலின் வளையத்தில் மூன்று கார்பன் கொண்ட ஒரு வாலைச் சேர்த்தால் கிடைப்பது யூஜினால், அதாவது கிராம்பு. வாலுக்குப் பதில் ஒரு ஆல்டிஹைடு கொத்தைச் சேர்த்தால் வனிலின், அதாவது ஐஸ்கிரீமின் வனிலா வாசனை. புகை, கிராம்பு, வனிலா மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். விறகுப் புகையிலேயே கொஞ்சம் யூஜினாலும் இருக்கிறது. இந்த சென்டில் மசாலா மெல்லப் புகையாக மாறுவதுபோல் தோன்றுவது மூக்கின் மயக்கம் மட்டுமல்ல. உறவு அணுக்கள் வரை போகிறது.

இன்னொரு நன்மையும் இந்தக் குடும்பத்துக்கு உண்டு. இவை பீனால்கள், ஆக்சிஜனைத் தாமே எதிர்கொண்டு மற்றவற்றைக் காக்கக்கூடியவை. மீனையும் இறைச்சியையும் புகையிட்டு வைத்தால் கொழுப்பு சிக்குநாற்றம் எடுக்கத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். பெர்கமாட் செத்துப்போன குப்பியில் கிராம்பும் புகையும் ஏறத்தாழ முழு உயிரோடு இருப்பதில் எனக்கு வியப்பில்லை. திரவத்தின் நிறம் மட்டும் தேநீர்போல் கறுத்திருக்கும். யூஜினாலும் வனிலினும் முதுமையில் காட்டும் நிறம் அது.

இனி புகை. ஆனால் இந்த சென்டில் புகை தனியாக வருவதில்லை, தோல் வாசனையாக வருகிறது. அதைப் புரிந்துகொள்ளக் கையுறைக்குப் போக வேண்டும்.

ட்ருசார்டி நிறுவனம் வட இத்தாலியின் பெர்கமோ நகரத்தில் 1911-இல் தாந்தே ட்ருசார்டி தொடங்கிய கையுறைத் தொழில். வேட்டை நாயைச் சின்னமாகக் கொண்டு பைகளும் உடைகளும் செய்யும் நாகரிக நிறுவனமாக அது மாறியது 1970களில், அதே குடும்பத்து நிக்கோலா ட்ருசார்டியின் காலத்தில். கையுறைக்காரர் சென்ட் செய்வது இத்தாலியில் புதிதல்ல; பழைய ஒழுங்கு அதுதான். அந்நாளில் ஐரோப்பாவில் தோலைப் பதனிடச் சுண்ணாம்பு, சிறுநீர், நாய்க்கழிவு எல்லாம் பயன்பட்டன. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ரயிலில் போனவர்களுக்குப் பதனிடும் தொழிலின் வீச்சு தெரிந்திருக்கும். அந்தத் தோலை ஒரு சீமாட்டி விரலில் மாட்ட வேண்டுமென்றால் வாசனை ஏற்றாமல் முடியாது. கையுறையைக் கஸ்தூரியிலும் ஆரஞ்சுப் பூ நீரிலும் ஊறவைப்பது இத்தாலியக் கைத்தொழிலானது. ஃபுளோரன்ஸின் கேத்தரின் தெ மெடிசி 1533-இல் பிரெஞ்சு இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது தன் வாசனைக்காரர் ரெனாத்தோவையும் உடன் அழைத்துப்போனார், வாசனைக் கையுறை மோகம் அவரோடு பிரான்சுக்குப் போயிற்று என்பார்கள். 1614-இல் பாரிஸில் ‘கையுறை-வாசனைக்காரர்’ என்ற பட்டத்தையே அரசு அங்கீகரித்தது. இன்று வாசனைத் தலைநகர் எனப்படும் கிராஸ், ஒருகாலத்தில் தோல் பதனிடும் ஊர்.

முதலில் தோலின் வாசனையை மறைக்க சென்ட் செய்தார்கள். பிறகு தோலின் வாசனையே சென்டாயிற்று. ஆனால் தோலைப் பிழிந்து எண்ணெய் எடுக்க முடியாது. அதன் வாசனையைக் கட்டித்தான் ஆக வேண்டும். அதற்குக் கிடைத்த பொருள் பிர்ச் தார். பனை ஓலைபோல் வடநாட்டில் எழுதப் பயன்பட்ட பூர்ஜ மரப்பட்டை, அந்த மரத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் பிர்ச். பட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டால் எரியாமல் கறுத்து உருகி, குழம்பாக ஒழுகும். ரஷ்யர்கள் அந்தத் தாரின் எண்ணெயைத் தோலில் ஏற்றி நீர் புகாததாக்கினார்கள். அந்தச் செருப்பும் சேணமும் ஐரோப்பா முழுக்கப் பரவி, ‘தோலின் வாசனை’ என்றால் பிர்ச் புகையின் வாசனை என்று மூக்குகள் பழகிவிட்டன. நாம் தோல் வாசனை என்று மெச்சுவது பாதிக்குமேல் மரத்தின் வாசனை.

இந்தத் தாருக்கு இத்தாலியில் இன்னும் பழைய கணக்கு உண்டு. டஸ்கனியின் கம்பிடெல்லோவில் கண்டெடுத்த கல்லாயுதத் துண்டுகளில் பிர்ச் தார் ஒட்டியிருந்தது. ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுப் பழமை. நியாண்டர்தால் மனிதர்கள் கல்லைப் பிடியோடு ஒட்டப் பயன்படுத்திய பசை. மனிதக் கை திட்டமிட்டுச் செய்த மிகப் பழைய வேதிப்பொருள்களில் ஒன்று என்பதை இந்தத் தாள் பட்டையை முகரும் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கும் அந்தப் புகை மூக்கில் ஏறியிருக்கும்.

1980களின் சென்ட் தார் ஒன்றை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஐசோபியூட்டைல் குவினோலின் என்ற செயற்கைப் பொருளும் இருந்தது. குவினோலினை 1834-இல் ஃப்ரீட்லீப் ருங்கே நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார்; அதன் வழிவந்த பொருள் இது. இதன் வாசனையைச் சொல்லால் பிடிப்பது கடினம். புதுத் தோல், ஒடித்த வேர், ஈரமண், கசந்த தண்டு, எல்லாம் ஒரே நேரத்தில். பச்சைக்கும் புகைக்கும் நடுவில் பாலம் போடும் பொருள். சென்டின் சரியான சூத்திரம் நிறுவனத்தின் இரகசியம். ஆனால் அக்காலத் தோல்வாசனை சென்ட்கள் பச்சையில் தொடங்கிப் புகையில் முடிந்தும் கண்டம் துண்டமாகப் பிரியாமல் ஒரே உடலாக நிற்க இத்தகைய பாலப்பொருள்கள்தான் காரணம்.

கடைசியில் அடிமண்டி. இங்கேதான் பழைய குப்பிக்கும் இன்று கடையில் வாங்குவதற்கும் பெரிய இடைவெளி விழுகிறது. ஓக் மரப்பாசி என்ற பெயரில் பாசி இருந்தாலும் அது பாசி அல்ல, பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன். நம் செட்டிநாட்டுக் கல்பாசியும் லைக்கன்தான், உயிரியல் வகைப்பாட்டில் இரண்டும் ஒரே குடும்பம். கல்பாசி டப்பாவைத் திறந்து சூடாக்காமல் முகர்ந்து பாருங்கள். ஓக் மரப்பாசியின் இருட்டும் ஈரமும் கொண்ட வாசனைக்கு வெகு அருகில் போய்விடலாம். ஆனால் ஓக் மரப்பாசிச் சாற்றில் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டு பொருள்கள் இருக்கின்றன. தோல் ஒவ்வாமையைத் தூண்டுவதில் மிகக் கொடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இவற்றைத் தடை செய்தது. 2019 ஆகஸ்டு முதல் இவை சேர்ந்த புதிய சரக்கு சந்தைக்கு வரக் கூடாது, 2021 ஆகஸ்டு முதல் பழைய சரக்கும் விற்கக் கூடாது. சுத்திகரிக்காத பிர்ச் தாரையும் புற்றுநோய் அச்சத்தால் தொழில்துறை விலக்கிவிட்டது. சுத்திகரித்தது மட்டும் கடும் அளவுக்கட்டுப்பாட்டோடு உண்டு.

தடை சரியென்றே நினைக்கிறேன். ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்தவருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடும். யாருடைய ரசனைக்காகவும் இன்னொருவர் தோல் புண்ணாக வேண்டியதில்லை. அதே நேரத்தில், இழப்பை இழப்பென்று சொல்லவும் வேண்டும். இரண்டையும் நீக்கிய பாசிச் சாறு இன்று கிடைக்கிறது. அதில் பசுமை இருக்கிறது, ஆழம் குறைகிறது. பழைய பெயரைத் தாங்கிய புதிய சென்டில் ஏதோ இல்லை என்று மூக்கு முணுமுணுப்பது வெறும் ஏக்கமல்ல. எடுக்கப்பட்ட பொருளுக்குப் பெயர் உண்டு, எடுத்த தேதியும் உண்டு.

பாசிக்குத் துணையாக அடியில் நிற்கும் இரண்டு பெயர்களைத் தமிழர் யாரும் விளக்கம் கேட்காமலே அறிவார்கள். ‘வெட்டிவெர்’ என்று இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் சொல்வது நம் வெட்டிவேர். சொல் தமிழிலிருந்தே போனது. ‘பச்சோலி’யும் தமிழ்ச் சொல்லிலிருந்து கிளைத்தது என்றே அகராதிகள் குறிக்கின்றன. கோடையில் தண்ணீர்ப் பானையில் போட்டுக் குளிர்ச்சிக்கு நாம் அறிந்த வேர், வடக்கே போய்ப் புகைக்கும் தோலுக்கும் கீழே நிலைக்கால் ஊன்றியிருக்கிறது.

வெர்சாய்ஸில் ஒஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகம் 1990 முதல் இயங்குகிறது. மறைந்துபோன சென்ட்களையும் உரிய சூத்திரப்படி மறுபடி கலந்து, குப்பிக்குள் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பி, 12 டிகிரியில் இருட்டில் வைக்கிறார்கள். ஆர்கான் எதோடும் சேராது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெர்கமாட் சாவதில்லை. நம் வீட்டில் அத்தனை வசதி கிடையாது. குளியலறை அலமாரி மட்டும் வேண்டாம். சூடும் ஈரமும் மாறி மாறி அடிக்கும் இடம் அது. அட்டைப் பெட்டியோடு, நிற்கவைத்து, பீரோவின் அடித்தட்டில் வைத்தால் போதும்.

தாள் பட்டையில் தேதியும் நேரமும் பென்சிலால் எழுதி நோட்டுக்குள் வைப்பது என் வழக்கம். மூன்றாம் நாள் காலையில் எடுத்தேன். எலுமிச்சை இல்லை, பச்சை இல்லை. கிராம்பு மட்டும் தேடினால் கொஞ்சம். அதற்குக் கீழே, மழையில் நனைந்து அணைந்த அடுப்பின் அருகே யாரோ கழற்றிப் போட்ட கையுறை. பட்டையைத் திருப்பி நேரத்தை எழுதி, மறுபடி உள்ளே வைத்தேன். நோட்டின் அந்தப் பக்கம் முழுக்க இப்போது புகை மணக்கிறது.